பங்கு வாங்கிய பிறகு வரும் கடிதங்கள்: வன்னியில் புதிதாக முதலிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையாகக் கிடைத்த காசில் கொஞ்சத்தை எடுத்து, கொழும்பிலிருந்த சித்தப்பாவின் பேச்சைக் கேட்டு, ஒரு கம்பனியில் 600 பங்கு வாங்கி வைத்திருந்தார். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், பரந்தன் வீட்டில் சுவர் நாட்காட்டியை மாற்றும்போது, அதன் பின்னால் செருகியிருந்த தடித்த கடித உறை ஒன்று கீழே விழுந்தது. என்னவென்று கேட்டேன்.

"உது காசு கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறாங்கள் பிள்ளை. வாங்கேக்க முழுக்காசும் குடுத்துத்தானே வாங்கினனான். திரும்ப எதுக்குக் கட்டவேணும்?" என்றார்.

உள்ளே ஆங்கிலத்தில் மூன்று பக்கம். ஒவ்வொரு 3 பங்குக்கும் 1 புதிய பங்கு, விலை 60 ரூபா. அந்த நேரம் சந்தையில் அதே பங்கு 100 ரூபாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசித் திகதி முடிந்து 11 நாள் ஆகியிருந்தது.

நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். உரிமை வழங்கலுக்கு, அதாவது கம்பனி தன் பழைய பங்குதாரருக்கே முதலில் புதுப் பங்கு விற்பதற்கு, கணக்கில் நாட்குறிப்புப் பதிவு எழுத வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, என் சொந்த வீட்டுச் சுவரிலேயே ஓர் உரிமை காலாவதியாகிக் கிடந்தது தெரியவில்லை. அதன் பிறகுதான், பங்கு வாங்குவது எப்படி என்று கேட்டு வருபவர்களிடம் வாங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். ஒரு கம்பனி கடன் எடுக்கும், புதுப் பங்கு விடும், இலாபத்தைப் பிரித்துக் கொடுக்கும் அல்லது கொடுக்காமல் வைத்துக்கொள்ளும், இன்னொரு கம்பனியுடன் சேரும். இந்த ஒவ்வொரு முடிவும் உங்கள் காசைத் தொடும். எப்படித் தொடும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் விலாசம்

கம்பனி எது, விலை என்ன என்பதெல்லாம் பிறகு. பங்கு வாங்க உங்களுக்கு மத்திய வைப்புத் திட்டத்தில் ஒரு கணக்கு வேண்டும். எல்லோரும் அதைச் சீடிஎஸ் கணக்கு என்றே சொல்வார்கள். பங்குத் தரகர் நிறுவனம் ஒன்றின் ஊடாகத்தான் அதைத் திறக்கலாம். தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், விலாசத்துக்கு ஆதாரம் ஆகியவை தேவை. இப்போது கொழும்பு பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். நேரில் போய் விசாரிக்க வேண்டுமென்றால் சந்தைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை இருக்கிறது.

அந்தப் படிவத்தில் எழுதும் விலாசம், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு நான்கும்தான் கம்பனிக்கும் உங்களுக்கும் இடையிலிருக்கும் பாலம். பங்குலாபம், அதாவது கம்பனி பிரித்துக் கொடுக்கும் இலாபம், நேரே அந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கடிதம் அந்த விலாசத்துக்குத்தான் போகும். நம் பகுதியில் விலாசம் மாறாத குடும்பம் குறைவு. முகாமிலிருந்த விலாசம், வவுனியாவில் வாடகைக்கு இருந்த விலாசம், பிறகு மீள்குடியேறிய விலாசம் என்று ஒருவருக்கே நாலைந்து இருக்கும். வீடு மாறினால் கிராம அலுவலரிடம் சொல்வதுபோலத் தரகரிடமும் சொல்லி மாற்றுங்கள்.

போருக்கு முன்பு காகிதச் சான்றிதழாகப் பங்கு வைத்திருந்து, 2009 இடப்பெயர்வில் அதைத் தொலைத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். தொலைந்தது காகிதம் மட்டும்தான். பங்குக்கு உரியவர் யார் என்பதைக் காட்டுவது கம்பனியின் பங்குப் பதிவேடு. அப்பாவின் அல்லது அப்பப்பாவின் பெயர் அதில் இருக்கும் என்று நினைத்தால் கம்பனியின் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ் எடுக்கவும், இறந்தவரின் பங்கை வாரிசுக்கு மாற்றவும் நடைமுறை உண்டு. சத்தியக்கடதாசி, இறப்புச் சான்றிதழ் என்று அலைச்சல்தான். இருந்தாலும் உரிமை உங்களுடையது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் மாஸ் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். "அந்தக் கம்பனிப் பங்கை வாங்கலாமோ மிஸ்?" என்று கேட்பார்கள். முடியாது, அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் குழுமம். பட்டியலிட்ட கம்பனிகளின் பங்கைத்தான் தரகர் மூலம் வாங்கலாம். வாட்ஸ்அப்பில் வந்து "எங்கள் கம்பனியில் பங்கு எடுங்கோ, மாதம் 10 வீதம் உறுதி" என்று யாராவது சொன்னால், அந்தப் பங்கு சீடிஎஸ் கணக்கில் ஏறுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஏறாது என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உண்மையான சாதாரணப் பங்கில் மாத வருமானத்துக்கு உறுதி கொடுக்க எவராலும் முடியாது.

எத்தனையில் ஒன்று?

கையில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை எல்லோரும் எண்ணுவார்கள். கம்பனி மொத்தமாக எத்தனை பங்கு விட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவர் குறைவு. அப்பாவிடம் 600 பங்கு. கம்பனியின் மொத்தப் பங்கு 60 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தக் கம்பனி உழைக்கும் ஒவ்வொரு 10,000 ரூபாவிலும் 1 ரூபா அப்பாவுடையது. இந்த "10,000 இல் 1" என்பதுதான் அவருடைய உண்மையான சொத்து. இனி வரும் எந்தக் கடிதத்தையும் இரண்டு கேள்வியோடு படியுங்கள். இந்த முடிவுக்குப் பிறகு என் அளவு எத்தனையில் ஒன்றாக இருக்கும்? அந்த மொத்தம் பெரிதாகிறதா, சிறிதாகிறதா?

அந்த உரிமை வழங்கலுக்குப் பிறகு கம்பனியின் பங்கு 80 இலட்சமாகியது. அப்பாவிடம் அதே 600. இப்போது 13,333 இல் 1. அவர் ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் அவருடைய உரிமையில் நாலில் ஒன்று கரைந்துவிட்டது.

ஒரே கம்பனியின் பங்கில் இரண்டு வகை இருக்கக்கூடும் என்பதையும் கவனியுங்கள். கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி போன்றவற்றுக்கு வாக்குரிமை உள்ள பங்கும் வாக்குரிமை அற்ற பங்கும் தனித்தனியாக இருக்கின்றன. வாக்குரிமை அற்றதன் விலை பொதுவாகக் குறைவு, பங்குலாபம் இரண்டுக்கும் கிடைக்கும். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் பிழையில்லை.

கம்பனி காசை எங்கே எடுக்கிறது?

ஒரு கம்பனிக்குக் காசு வரும் வழி மூன்று. உழைத்த இலாபத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வது, கடன் எடுப்பது, புதுப் பங்கு விடுவது. கடன் என்பது வங்கிக் கடனாக இருக்கலாம், மேலதிகப்பற்றாக இருக்கலாம், பொதுமக்களுக்கு விற்கும் தொகுதிக்கடன் பத்திரமாக இருக்கலாம்.

கடனுக்கு இரண்டு குணம் உண்டு. வட்டியைச் செலவாகக் கழித்துவிட்டுத்தான் கம்பனி வரி கட்டும். பங்குலாபத்தை அப்படிக் கழிக்க முடியாது. இலங்கையில் கம்பனி வரி பொதுவாக 30 வீதம் என்பதால் இது பெரிய சலுகை. மற்றக் குணம், வட்டி போகம் பார்ப்பதில்லை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் திகதிக்குக் கட்ட வேண்டும். கற்பனையாக இரண்டு அரிசி ஆலைகளை வைத்துப் பார்ப்போம், வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இரண்டும் 100 இலட்சம் ரூபா பெறுமதி. முதல் ஆலைக்காரர் முழுவதையும் சொந்தக் காசில் போட்டார். இரண்டாமவர் 40 இலட்சம் சொந்தக் காசு, 60 இலட்சம் 12 வீத வட்டிக்குக் கடன். நல்ல விளைச்சல் வருடத்தில் ஆலை 20 இலட்சம் உழைக்கிறது. முதலாமவருக்கு 100 போட்டு 20, அதாவது 20 வீதம். இரண்டாமவர் வட்டி 7.2 இலட்சம் கட்டி மிச்சம் 12.8. அவர் போட்டது 40 தான், ஆகவே 32 வீதம். ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லும். அடுத்த வருடம் நெல் இல்லை, உழைப்பு 8 இலட்சம். முதலாமவருக்கு 8 வீதம். இரண்டாமவருக்கு வட்டி போக 80,000 ரூபா, வெறும் 2 வீதம்.

இனி வட்டி மாறும் கடனாக இருந்து அது 28 வீதத்துக்கு ஏறினால் என்ன ஆகும்? வட்டி மட்டும் 16.8 இலட்சம். 8 இலட்சம் உழைத்தவர் 8.8 இலட்சம் நட்டத்தில் நிற்பார். இது நான் பயங்காட்டச் சொல்லும் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில், அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரமான திறைசேரி உண்டியலின் வட்டியே 30 வீதத்தைத் தாண்டி நின்றது. அரசாங்கமே அந்த விலைக்குக் கடன் எடுத்தபோது கம்பனிகளுக்கு என்ன விலை விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்துத் தவணை கட்டத் தடுமாறிய வீடுகளுக்கு அந்த வருடத்தை நான் விளக்கத் தேவையில்லை.

1958 இல் மொடிகிலியானி, மில்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு தேற்றம் எழுதினார்கள். வரியும், கம்பனி கடன் கட்ட முடியாமல் முறிந்தால் வரும் செலவும் இல்லாத உலகில், ஒரு கம்பனி சொந்தக் காசில் ஓடுகிறதா கடனில் ஓடுகிறதா என்பது அதன் மொத்தப் பெறுமதியை மாற்றாது என்பது அதன் சாரம். இருவருக்கும் பின்னர் வெவ்வேறு வருடங்களில் நோபல் பரிசு கிடைத்தது. புதியவருக்கு அதில் எடுக்க வேண்டியது ஒன்று: கடன் எடுப்பதால் ஆலை கூடுதலாக அரிசி குற்றாது. ஒரே உழைப்பை வங்கிக்கும் உரிமையாளருக்கும் வேறு விதமாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். வரியும் முறிவும் உள்ள நம் உலகில் அந்தப் பிரிப்பு ஒரு அளவுவரை இலாபம், அதற்கு மேலே ஆபத்து.

ஆகவே ஆண்டறிக்கையைத் திறந்ததும் நான் பார்க்கும் முதல் எண், வட்டிக்கு முந்திய இலாபம் அந்த வருட வட்டியைப் போல எத்தனை மடங்கு என்பது. நல்ல வருடத்திலேயே இரண்டு மடங்குக்குக் குறைவென்றால் நான் தொடமாட்டேன். இது என் சொந்த அளவுகோல், சட்டம் எதுவும் இல்லை. கம்பனி முறிந்தால் ஊழியர், வரி, வங்கி, கடன் கொடுத்த மற்றவர்கள் எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சினால்தான் சாதாரணப் பங்குதாரருக்கு. நாம் வரிசையின் கடைசியில் நிற்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

உரிமை வழங்கல் கடிதம் வந்தால்

இனி நாட்காட்டிக்குப் பின்னாலிருந்த கடிதத்துக்கு வருவோம். கம்பனி புதுப் பங்கை வெளியாளுக்கு விற்றால் பழைய பங்குதாரரின் அளவு குறையும். அதனால்தான் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பொதுவாகப் புதுப் பங்கை முதலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அவரவர் அளவுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அந்த அழைப்புத்தான் உரிமை வழங்கல். உதாரணமாக 2024 இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 10 பங்குக்கு 1 என்று, 160 ரூபா விலையில் உரிமை வழங்கிச் சுமார் 24 பில்லியன் ரூபா திரட்டியது.

அப்பாவின் கணக்கைச் செய்து பார்ப்போம். 3 பழைய பங்கு, ஒவ்வொன்றும் 100 ரூபா, மொத்தம் 300. அதோடு புதுப் பங்குக்கு 60. நாலு பங்கின் பெறுமதி 360 என்றால் ஒன்று 90 ரூபா. உரிமை பிரிந்த பிறகு சந்தை விலை ஏறத்தாழ அங்கேதான் வந்து நிற்க வேண்டும். 600 பங்கின் பெறுமதி 60,000 இலிருந்து 54,000 ஆகிறது. அப்பாவுக்கு 200 புதுப் பங்கு எடுக்கும் உரிமை இருந்தது. 90 ரூபாப் பொருளை 60 க்கு எடுக்கும் உரிமைக்குப் பெறுமதி 30 ரூபா. 200 ஐ 30 ஆல் பெருக்கினால் 6,000 ரூபா. குறைந்த அதே தொகை அந்தக் காகிதத்துக்குள் இருந்தது.

உங்களுக்கு இருக்கும் வழிகள் இவை. காசு இருந்து, கம்பனியிலும் நம்பிக்கை இருந்தால் முழு உரிமைக்கும் காசு கட்டலாம். அப்பா 12,000 ரூபா கட்டியிருந்தால் 800 பங்கு, 72,000 ரூபா பெறுமதி. பழைய 60,000 உம் புதிதாகப் போட்ட 12,000 உம் அப்படியே இருந்திருக்கும், இலாபமுமில்லை நட்டமுமில்லை. காசில்லையா? உரிமையை விற்கலாம். ஒரு குறுகிய காலத்துக்கு அந்த உரிமையே சந்தையில் தனிப் பங்குபோல விலைபோகும், தரகருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கொஞ்சத்தை விற்று அந்தக் காசில் மிச்சத்தை எடுக்கவும் செய்யலாம். மற்றவர்கள் எடுக்காமல் விட்டதைக் கூடுதலாகக் கேட்டும் விண்ணப்பிக்கலாம். அப்பா விட்ட 200 பங்கும் அப்படித்தான் யாரோ ஒருவருக்குப் போயிருக்கும்.

ஒன்றும் செய்யாமல் விடுவது மட்டும்தான் பிழையான வழி. கடிதத்தில் இரண்டு திகதி இருக்கும். உரிமையை விற்க அல்லது மாற்றக் கடைசித் திகதி முந்தியது, காசு கட்டக் கடைசித் திகதி பிந்தியது. முந்திய திகதியைத் தவறவிட்டால் கட்டுவதைத் தவிர வேறு வழி மிஞ்சாது. சந்தை விலை 60 க்குக் கீழே விழுந்துவிட்டால் மட்டும் கட்டாமல் விடுவதில் அர்த்தம் உண்டு, சந்தையிலேயே மலிவாக வாங்கலாமே.

கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி. காசு எதற்கு? புதிய ஆலைக்கா, பழைய கடனை அடைக்கவா? கடனை அடைப்பது எப்போதும் கெட்டதில்லை, 28 வீதக் கடனை அடைத்தால் கம்பனிக்கு மூச்சு வரும். ஆனால் மூன்று வருடத்துக்கொருமுறை கடனடைக்க உங்களிடம் கையேந்தும் கம்பனி என்றால், உரிமையை விற்றுவிட்டு ஒதுங்குவதே நல்லது என்பேன். அடுத்த காலபோகத்துக்கு உரத்துக்கும் விதைநெல்லுக்கும் வைத்த காசை எடுத்து எந்த உரிமைக்கும் கட்ட வேண்டாம்.

பங்குலாபம்: குளத்துத் தண்ணீர்

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்தமுறை எத்தனை ஏக்கருக்கு விடலாம் என்று முடிவெடுப்பார்கள். காலபோகம் போல முழுக் காணிக்கும் கிடைக்காது, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லிச் சத்தம் போடுபவரும் இருப்பார், கதிர் வரும் நேரம் வாய்க்கால் காய்ந்தால் என்ன செய்வது என்று கேட்பவரும் இருப்பார். பணிப்பாளர் சபையில் நடப்பதும் ஏறக்குறைய இதே வாக்குவாதம்தான்.

சட்டமும் குளத்தைப் பார்க்கச் சொல்கிறது. பங்குலாபம் கொடுத்த பிறகும் கம்பனியால் தன் கடன்களை அந்தந்த நேரத்தில் கட்ட முடிய வேண்டும், சொத்துகளின் பெறுமதி பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்கு விட்டுத் திரட்டிய காசையும்) விடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதைக் கடன் தீர்க்கும் ஆற்றல் பரிசோதனை என்பார்கள். சபை இதில் திருப்திப்பட்டு, கணக்காய்வாளரின் சான்றிதழும் எடுத்த பிறகே பிரிக்கலாம்.

நடைமுறைக்கு வருவோம். கம்பனி பங்குக்கு 2 ரூபா பங்குலாபம் அறிவிக்கிறது, உங்களிடம் 1,000 பங்கு. 2,000 ரூபாவில் 15 வீதம் பிடித்துவைத்தல் வரியாகக் கழிந்து 1,700 ரூபா வங்கிக்கு வரும். அறிவிப்பில் எக்ஸ்டி என்று ஒரு திகதி இருக்கும், அதற்கு முன்பே வாங்கியிருந்தால்தான் உங்களுக்கு உண்டு. அன்றைக்குக் காலையில் பங்கு விலை ஏறத்தாழ அந்த 2 ரூபா அளவு இறங்கும். கம்பனியின் கையிலிருந்து அந்தக் காசு போய்விட்டதே, இறங்காமல் என்ன செய்யும்? பங்குலாபத்துக்காக முதல்நாள் வாங்கி மறுநாள் விற்கலாம் என்று திட்டம் போட்டு வருபவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக்காட்டுவேன். விலை 2 ரூபா இறங்கும், கைக்கு 1.70 வரும். வாங்கும்போது தரகுக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம், விற்கும்போது இன்னொரு 1.12 வீதம். ஒவ்வொரு தடவையும் நட்டம்.

சில கம்பனிகள், குறிப்பாக வங்கிகள், பங்குலாபத்தின் ஒரு பகுதியைக் காசாகவும் மற்றதைப் புதுப் பங்காகவும் கொடுக்கும். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் புதுப் பங்கு கிடைப்பதால் உங்கள் "எத்தனையில் ஒன்று" மாறாது. காசு கம்பனிக்குள்ளேயே நிற்கிறது, பங்கின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. பங்கை உடைப்பதும் அதே மாதிரித்தான். ஜோன் கீல்ஸ் அந்த 2024 இலேயே தன் 1 பங்கை 10 ஆகப் பிரித்தது. 100 பங்கு வைத்திருந்தவருக்கு 1,000 ஆனது, விலையும் பத்திலொன்றானது. ஒரு இடியப்பத்தைப் பத்தாய்ப் பிய்த்தால் வயிறு கூட நிறையாது.

பங்குலாபம் கொடுக்காத கம்பனி கெட்டதா? வைத்துக்கொண்ட காசில் அது என்ன செய்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. உள்ளே வைத்த 100 ரூபா, வங்கி நிலையான வைப்பில் கிடைப்பதைவிடக் கூடுதலாக உழைக்கிறதென்றால் வைத்திருக்கட்டும். உழைக்கவில்லை என்றால் பங்குதாரரிடம் கொடுப்பதே நியாயம். மறுபக்கம், இலாபம் விழுந்த வருடத்திலும் பழைய அளவு பங்குலாபத்தை விடாமல் கொடுக்கும் கம்பனியும் உண்டு. பங்குலாபத்தைக் குறைத்தால் சந்தை பயந்துவிடும் என்று முகாமையாளர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள். 1956 இலேயே லின்ட்னர் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கம்பனிகளில் இதைக் கவனித்து எழுதினார். ஆகவே ஆண்டறிக்கையில் காசு வந்து போனதைக் காட்டும் காசோட்டக் கூற்றைப் பாருங்கள். தொழிலில் வந்த காசைவிடப் பங்குலாபம் கூட என்றால், அதே வருடம் கடனும் ஏறியிருக்கிறது என்றால், உங்களுக்கு வருவது கடன் வாங்கிக் கொடுத்த காசு.

கம்பனிகள் ஒன்றுசேரும்போது

இங்கே இரண்டு விதமான கடிதம் வரலாம். ஒன்று, யாரோ உங்கள் பங்கை வாங்கக் கேட்பது. மற்றது, உங்கள் கம்பனி இன்னொன்றோடு ஒன்றிணைவதற்கு வாக்குக் கேட்பது.

முதலாவது வகைக்குப் பின்னால் 1995 இல் வந்த சுவீகரிப்பு, ஒன்றிணைப்புக் கோவை இருக்கிறது. பட்டியலிட்ட கம்பனி ஒன்றில் ஒருவர் 30 வீதம் அல்லது அதற்கு மேலான வாக்குரிமையை எட்டினால், மற்றப் பங்குதாரர் எல்லோருக்கும் வாங்கும் விலையொன்றை முன்வைக்க வேண்டும். பெரிய முதலாளி தன் பங்கை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போக, சின்னவர்கள் புது எசமானிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான விதி இது. விற்பது கட்டாயமில்லை. கேட்ட விலையைச் சந்தை விலையோடும், சுயாதீன ஆலோசகர் அறிக்கையோடும் ஒப்பிடுங்கள். வாங்குபவர் கம்பனியைச் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப் போகிறாரா என்பதையும் பாருங்கள். நீக்கினால் பிறகு உங்கள் பங்கை வாங்க ஆள் தேட வேண்டிவரும். அப்படியான நிலையில் நியாயமான விலை கிடைத்தால் நான் விற்றுவிடுவேன்.

இரண்டாவதுக்கு நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் கையிலிருக்கும் சிம் அட்டை. 2024 யூனில் டயலொக் நிறுவனம் எயார்டெல் லங்காவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கவில்லை. புதுப் பங்கு விட்டு, தன் மொத்தப் பங்கில் 10.355 வீதத்தை எயார்டெல் லங்காவின் தாய்க் கம்பனியான பார்தி எயார்டெலுக்குக் கொடுத்தது. அதற்கு முன் டயலொக்கில் 1 வீதம் வைத்திருந்தவருடைய அளவு, அதற்குப் பிறகு ஏறத்தாழ 0.896 வீதம். பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே குறைந்துவிட்டது. பதிலுக்கு எயார்டெலின் வாடிக்கையாளரும் அலைவரிசையும் கம்பனிக்குள் வந்தன, ஒரே ஊரில் இரண்டு கோபுரம் என்ற செலவும் குறையலாம். சிறிய துண்டு, பெரிய அப்பம். அந்த அப்பம் போதியளவு பெரிதானதா என்பதை அறிவிப்பு வந்த நாளின் விலை சொல்லாது. ஒரு பங்குக்கான உழைப்பைச் சேர்வதற்கு முந்திய வருடங்களோடு வைத்துச் சில வருடம் பார்க்க வேண்டும். இரண்டு கம்பனியின் இலாபத்தைக் கூட்டி "இலாபம் உயர்ந்தது" என்று எழுதுவதில் நமக்கு வேலையில்லை.

2022 இல் கொமர்ஷல் லீசிங் அண்ட் பினான்ஸ், எல்ஓஎல்சி பினான்ஸோடு ஒன்றிணைந்தது. இப்படியான நேரத்தில் கம்பனியிடம் கடன் எடுத்தவருக்குத் தவணையும் ஒப்பந்தமும் அப்படியே தொடரும், பற்றுச்சீட்டில் பெயர் மட்டும் மாறும். மறையும் கம்பனியின் பங்குதாரர் பார்க்க வேண்டியது மாற்று விகிதம், அதாவது தன் எத்தனை பங்குக்கு மற்றதில் எத்தனை என்பது.

பேச்சுத் தொடங்கினால் விலை ஏறும், அதை நம்பி வாங்க வேண்டாம். 2014 இல் என்டிபி வங்கியும் டிஎப்சிசி வங்கியும் சேரப்போவதாகப் பெரிய அளவில் பேசப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு அது கைவிடப்பட்டது. டிஎப்சிசி கடைசியில் 2015 ஒக்டோபரில் தன் சொந்தத் துணை வங்கியான வர்தனவைத்தான் சேர்த்துக்கொண்டது.

ஒன்றிணைப்புக்கு விசேட தீர்மானம் வேண்டும், வாக்களிப்போரில் 75 வீதத்தின் ஆதரவு. கம்பனியின் பாதிக்கு மேலான பெறுமதியுள்ள சொத்தை விற்பது, வாங்குவது போன்ற பெரிய கொடுக்கல் வாங்கலுக்கும் அப்படியே. உங்களுக்கு ஒன்றிணைப்புப் பிடிக்கவில்லை என்றால் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. உங்களிடமுள்ள எல்லாப் பங்குகளின் வாக்கையும் எதிராகப் போட்டிருந்தால், தீர்மானம் நிறைவேறினாலும், உங்கள் பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி கம்பனியை எழுத்தில் கேட்கலாம். கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து வெறுத்தவருக்கு இந்த உரிமை கிடையாது. எழுத்தில் கேட்பதற்கான கால அவகாசமும் குறுகியது, அதனால் தீர்மானம் நிறைவேறிய கையோடு தரகரிடமோ சட்டத்தரணியிடமோ பேசுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக் கூட்டத்துக்கு இரவு பஸ் எடுத்துப் போக எல்லோராலும் முடியாது. அறிவித்தலோடு பதிலாள் படிவம் ஒன்று வரும். உங்கள் சார்பில் வாக்களிப்பவரின் பெயரை எழுதி, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நேரே ஆதரவா எதிரா என்று அடையாளமிட்டு, கையெழுத்து வைத்து, கூட்டத்துக்கு முன் படிவத்தில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்கு முன் என்று இருக்கும். தபாலில் போடுவதென்றால் ஒரு வாரம் முந்தியே பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.